கோயிலை இழந்தவர்களின் வீடு

ரமண மகரிஷியோடு பழகியவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய பழைய புத்தகங்களில் ‘குரு ரமணா’வும் ஒன்று. சிறிய புத்தகம்தான். மகரிஷியோடு நடந்த உரையாடல்களும், அவருடைய கடைசி நாட்களைப் பற்றிய நாட்குறிப்பும் அதில் உண்டு. எழுதியவர் எஸ்.எஸ்.கோஹென். ஈராக்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1936-ல் திருவண்ணாமலைக்கு வந்து, ஆசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்தில் ஒரு மண் குடிசை போட்டுக்கொண்டு தங்கிவிட்டார்.

அவர் பெயரிலிருந்தே தொடங்கலாம். கோஹென் என்றால் பூசாரி. மோசேயின் அண்ணன் ஆரோனின் வழிவந்த ஆண்கள் கோஹென்கள். எருசலேம் கோயிலில் பலி கொடுக்கவும் தூபம் போடவும் உரிமை இருந்தது அவர்களுக்கு மட்டுமே. நம்மூர்க் கணக்கில் குருக்கள் பரம்பரை. அந்தக் குடும்பப்பெயர் உள்ளவர்கள் பெரும்பாலும் அந்த வழியினர் என்றே கொள்வார்கள். ஆனால் பூசை செய்ய அவர்களுக்குக் கோயில் இல்லை. கி.பி. 70-ல் ரோமானியப் படை எருசலேம் கோயிலைக் கொளுத்தித் தரைமட்டமாக்கிவிட்டது.

இதன் கனம் உடனே நமக்கு உறைக்காது. ஒரு சிவன் கோயில் போனால் நமக்கு இன்னொரு சிவன் கோயில் இருக்கிறது. நெருப்புத் தலம் திருவண்ணாமலை என்றால் நீருக்கு ஆனைக்கா, காற்றுக்குக் காளத்தி. யூதர்களுக்கு உலகம் முழுவதற்கும் கோயில் ஒன்றே ஒன்றுதான். வேறு எங்கும் பலி கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அவர்கள் இன்று கூடும் இடத்தைத் தமிழில் ‘ஜெப ஆலயம்’ என்கிறோம். அங்கே கருவறை கிடையாது, மூர்த்தி கிடையாது, நைவேத்தியம் கிடையாது. தோரா என்னும் வேதச் சுருள்களை வைக்கும் பேழை, படிக்க ஒரு மேடை, உட்கார பெஞ்சு, இவ்வளவுதான். ஆலயம் என்பதைவிடக் கூடம் என்பதே பொருந்தும்.

கோயில் போன பிறகு ஒரு சமயம் எப்படிப் பிழைக்கும்? யூதர்களின் அன்றாட வாழ்க்கையை இந்த ஒரு கேள்வியோடு பார்த்தால் பாதி விளங்கிவிடும். அவர்கள் கோயிலைச் சிறிது சிறிதாகப் பெயர்த்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

கோயிலில் காலையும் மாலையும் நடந்த பலிகளின் இடத்தில் இன்று தினசரி ஜெபங்கள் இருக்கின்றன. எங்கே இருந்தாலும் எருசலேம் இருக்கும் திசையை நோக்கித்தான் நிற்பார்கள். திருவண்ணாமலையிலிருந்து அது வடமேற்கு. ராஜகோபுரத்துப் பக்கம் நின்று ஒருவர் ஜெபித்தால் மலை உச்சியைப் பார்த்துக் கும்பிடுகிறார் என்றுதான் நமக்குத் தோன்றும். அவர் மனம் மலைக்கு அப்பால் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

பலிபீடம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. கோயிலில் எந்தக் காணிக்கையிலும் உப்பு சேரவேண்டும் என்பது விதி. அதனால் இன்று வீட்டில் ரொட்டியைப் பிட்டு உப்பில் தொட்டு உண்கிறார்கள். பூசாரிகள் கைகழுவியதுபோல், ரொட்டியைத் தொடுமுன் பாத்திரத்தில் நீர் மொண்டு இரண்டு கைகளிலும் ஊற்றிக்கொள்கிறார்கள். அதைவிட எனக்கு வியப்பானது மாவு பிசையும் சமாசாரம். ரொட்டிக்கு நிறைய மாவு பிசைந்தால் அதில் ஒரு சிறு உருண்டையைக் கிள்ளித் தனியே வைக்க வேண்டும். அது கோஹெனுக்கு உரிய பங்கு. கோயில் இருந்தவரை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்று கொடுக்க வழியில்லை. ஆனாலும் வீட்டுப் பெண்கள் அந்த உருண்டையைக் கிள்ளுகிறார்கள். கிள்ளி, அடுப்பில் போட்டுக் கரித்துவிடுகிறார்கள். அந்தப் பங்குக்கு ஹல்லா என்று பெயர். வெள்ளிக்கிழமை இரவுக்குச் செய்யும் பின்னல் ரொட்டிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை இரவு என்றேன். யூதர்களுக்கு நாள் மாலையில்தான் பிறக்கிறது. ஆகவே ஷப்பாத் என்னும் ஓய்வுநாள் வெள்ளி அந்திக்குத் தொடங்கி, சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்போது முடியும். சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போதே வீட்டுப் பெண் விளக்கேற்றிவிடுவது பரவலான வழக்கம். திருவண்ணாமலையில் ஊருக்கு மேற்கே மலை நிற்பதால் வெயில் சீக்கிரமே போய்விடும். அதை நம்பக் கூடாது, பஞ்சாங்கத்து அஸ்தமன நேரம்தான் கணக்கு.

விளக்கேற்றிய பிறகு என்ன செய்யக்கூடாது என்பதில்தான் வெளியாட்கள் குழம்புகிறார்கள். ஓய்வு என்றால் உடம்பு அலுங்காமல் கிடப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். மாடிப்படியில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறலாம், தவறில்லை. ஆனால் ஒரு தீக்குச்சி கிழிக்கக் கூடாது, இரண்டு எழுத்து எழுதக் கூடாது. காரணம் உழைப்பின் அளவு இல்லை. பாலைவனத்தில் அலைந்த காலத்தில் யூதர்களின் முன்னோரான இஸ்ரவேலர் ஒரு கூடாரக் கோயில் கட்டினார்கள். அதைக் கட்டத் தேவைப்பட்ட வேலைகளை ரபிகள் என்னும் சமய அறிஞர்கள் 39 வகையாகப் பிரித்தார்கள்: விதைப்பது, அறுப்பது, அரைப்பது, சமைப்பது, நூற்பது, நெய்வது, முடிச்சுப் போடுவது, எழுதுவது, அழிப்பது, தீ மூட்டுவது, அணைப்பது என்று நீளும். ஷப்பாத் அன்று அந்த 39 வகையும் தடை. மின்சாரம் வந்தபோது சுவிட்சு போடுவதும் தீ மூட்டுவதுபோல் ஒன்றுதான் என்று ஆசாரமானவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பணத்தைத் தொடுவதில்லை. வண்டி ஏறுவதில்லை. ஊர் எல்லைக்கு வெளியே 2000 முழத்துக்கு மேல், சுமார் ஒரு கிலோமீட்டர் என்று வையுங்கள், நடப்பதில்லை.

பௌர்ணமி சனிக்கிழமையில் வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலம் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றும். ஆசாரமான யூதருக்கு இந்தத் தூரக் கணக்கு இரண்டாவது சிக்கல்தான். மலையையே சிவமாக எண்ணிச் சுற்றுவது முதல் சிக்கல்.

தீ மூட்டக் கூடாது என்றால் சனி மதியம் பழைய சோறா? இல்லை. வெள்ளி அந்திக்கு முன்பே அடுப்பில் ஏற்றிவிட்டு இரவெல்லாம் சிறு தணலில் விடுவார்கள். கோஹெனின் ஈராக்கில் இதற்குத் ‘தபீத்’ என்று ஒரு சாப்பாடு உண்டு. கோழிக்குள் மசாலாச் சோற்றை அடைத்து, சுற்றிலும் அரிசி போட்டு, மூடி, இரவு முழுக்க வேகவிடுவது. மூடிமேல் முட்டைகளை வைத்துவிட்டால் அந்தச் சூட்டிலேயே பழுப்பேறி வெந்திருக்கும். சனி காலை ஜெபம் முடிந்து வருகிறவர்களுக்கு அந்த முட்டைதான் பலகாரம். ஓய்வுநாளை வழியனுப்பும் சடங்கில் வாசனைப் பொருள் முகர வேண்டும். பெரும்பாலும் அதற்குக் கிராம்பு, பட்டை.

சமையலறைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கோஷர் என்ற சொல் பலர் காதில் விழுந்திருக்கும். உண்ணத் தகுந்தது என்று பொருள். பன்றி ஆகாது. மீனுக்குத் துடுப்பும் செதிலும் இருக்க வேண்டும். அதனால் இறால், நண்டு போச்சு, சுறாப்புட்டும் போச்சு. இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக் கூடாது. இரண்டுக்கும் பாத்திரங்களே தனி. கீரையிலும் காலிஃபிளவரிலும் பூச்சி இருந்தால் அதுவும் விலக்கு, ஆகவே இலை இலையாகப் பார்ப்பார்கள். இவ்வளவு கெடுபிடி உள்ளவர்களுக்கு, தெருவுக்குத் தெரு சைவ ஓட்டல் உள்ள திருவண்ணாமலை சௌகரியமான ஊர்தான். ரொம்பக் கடுமையாகப் பார்ப்பவர்கள் வேற்றுச் சமயத்தார் சமைத்ததையே தொடமாட்டார்கள். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு யூதர் கை பட்டால் போதும் என்பது ஐரோப்பிய யூதர் வழக்கு.

உண்மையான உரசல் பிரசாதத்தில். வேறு தெய்வத்துக்குப் படைத்ததை உண்ணவோ, அதனால் பயன் அடையவோ கூடாது என்பது யூதச் சட்டத்தின் மிகக் கண்டிப்பான பகுதி. 2004-ல் இது எங்கேயோ போய் வெடித்தது. ஆசாரமான யூதப் பெண்கள் கல்யாணமானதும் தலைமுடியை மறைப்பார்கள். பலர் அதற்கு விக் வைத்துக்கொள்வார்கள். அந்த விக்குகளில் திருமலையில் பக்தர்கள் இறக்கிய முடி இருப்பது தெரியவந்தது. முடிகாணிக்கை என்பது விக்கிரகத்துக்குச் செய்யும் காணிக்கை, எனவே அந்த விக்குகள் ஆகாது என்று எருசலேமின் மூத்த ரபி எலியாஷிவ் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் ப்ரூக்ளினில் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள்.

திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டவர்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். எனக்கும் முதலில் வந்தது. ஆனால் அவர்கள் நம் முடியை இழிவு என்று ஒதுக்கவில்லை. இறைவனுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், அது சாதாரணப் பொருளாகத் திரும்பாது என்று நம்மைவிட அழுத்தமாக எடுத்துக்கொண்டார்கள். முடியை ஏலம் விட்டு ஏற்றுமதி செய்தது நாம்தான். பிறகு 2007-ல் தில்லியிலும் 2008-ல் எருசலேமிலும் இந்து, யூதத் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். இந்துத் தரப்பில் முன்நின்றவர் நம் மஞ்சக்குடியில் பிறந்த சுவாமி தயானந்த சரஸ்வதி. இந்துக்கள் வணங்குவது ஒரே பரம்பொருளைத்தான், கல்லை அல்ல என்று இரண்டாவது கூட்டத்தின் அறிக்கையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அதற்காகப் பிரசாதம் கோஷர் ஆகிவிடவில்லை.

வாசலுக்கு வருவோம். யூதர் வீட்டு நிலையில், உள்ளே நுழையும்போது வலப்பக்கம், ஒரு சிறு குழல் பதித்திருக்கும். மெசூசா. உள்ளே தோலில் கையால் எழுதிய தோராவின் இரண்டு பத்திகள், 22 வரி, 713 எழுத்து. ஒரு எழுத்து அழிந்தாலும் செல்லாது. ஏழாண்டுக்கு இருமுறையாவது பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். இஸ்ரேலுக்கு வெளியே வாடகை வீடு என்றால் 30 நாள்வரை மெசூசா கட்டாயமில்லை. செங்கம் சாலைப் பக்கம் மாதக்கணக்கில் வீடு எடுப்பவர் ஒருவர் நிலையில் எதையோ ஒட்டட்டுமா என்று கேட்டால் இதுதான் விஷயம். மாந்திரீகம் என்று பயப்பட வேண்டாம்.

வாசலில் இப்படி. வீட்டுக்குள் ஒரு பழைய வழக்கம்: புது வீடு கட்டினால், கோயில் இடிந்ததை மறக்காமலிருக்க, வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழச் சதுரம் பூசாமல் விடுவது. கல்யாணத்தில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் குவளையை மிதித்து உடைப்பார். பலரும் அதையும் கோயில் இடிந்த நினைவாகவே கொள்கிறார்கள். நல்ல நாளில் உடைக்கலாமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். அவர்களுக்கோ, அதை மறந்துவிட்டுக் கொண்டாடுவதுதான் அபசகுனம்.

எபிரேயமும் தமிழும் என்றவுடன், நம் தோகைதான் எபிரேயத்தில் ‘துக்கி’ ஆனது என்ற கதையை எடுத்துவிடுவது நம் வழக்கம். அது இருக்கட்டும். திருவண்ணாமலைக்கு அதைவிட நெருக்கமான ஒரு எபிரேயச் சொல் உண்டு. மகரிஷி மதுரையில் படித்தது அமெரிக்க மிஷன் பள்ளியில். பின்னாளில் வந்தவர்களிடம் அவர் பைபிளிலிருந்து திரும்பத் திரும்பச் சுட்டிய இடங்கள் இரண்டு: எரியும் முட்செடியிலிருந்து இறைவன் மோசேக்குத் தன் பெயரைச் சொல்லும் இடம், சும்மா இருந்து இறைவனை அறியச் சொல்லும் சங்கீதம். வேதாந்தம் முழுவதும் இந்த இரண்டில் அடங்கிவிட்டது என்பது அவர் கருத்து. அந்தப் பெயரில் இருமுறை வரும் சொல் ‘எஹ்யே’. ‘இரு’ என்ற வினையின் தன்மை ஒருமை. இருக்கிறேன் என்றும் கொள்ளலாம், இருப்பேன் என்றும் கொள்ளலாம். மகரிஷிக்கு அது ‘நான்’ என்னும் உணர்வின் பெயர், அருணாசலத்தின் பெயர். வார்சாவில் பிறந்த யூதப் பொறியாளர் மாரிஸ் ஃப்ரீட்மன், பெங்களூரில் மின்சாதனத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், இந்தத் திருவண்ணாமலையில் உட்கார்ந்து கேட்டதும் அந்த ‘நானை’ப் பற்றித்தான். அவர் கேள்விகள் 1939-ல் வந்த ‘மகரிஷியின் நற்செய்தி’ நூலில் நிறைய உண்டு.

ஆனால் யூத மரபு அந்தச் சொல்லை அப்படிப் படிக்கவில்லை. 11-ம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி சொல்வது வேறு: எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடக்கும் இந்தத் துன்பத்தில் உங்களோடு இருக்கிறேன், இனி வரப்போகும் அடிமைத்தனங்களிலும் உங்களோடு இருப்பேன். அங்கே இறைவன் உள்ளே தேடிக் கண்டடையும் ‘நான்’ இல்லை. கூடவே நடந்துவரும் துணை. எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்லி இந்த வித்தியாசத்தைத் துடைத்துவிடுவது இரண்டு பேருக்கும் செய்யும் மரியாதை இல்லை. கோயில் எரிந்து, நாடு நாடாக விரட்டப்பட்ட மக்களுக்கு ராஷியின் உரை ஏன் தேவைப்பட்டது என்பது வெளிப்படை. அந்த இறைவனின் நான்கெழுத்துப் பெயரை அவர்கள் வாயால் உச்சரிப்பதே இல்லை. கோயில் இருந்தபோது அதற்குள் கோஹென்கள் மட்டும் சொன்னார்கள். இன்று பேச்சில் ‘ஹஷேம்’ என்று விட்டுவிடுவார்கள். ‘அந்தப் பெயர்’ என்று அர்த்தம், அவ்வளவே. அவரை, இவரை என்று சொல்லிப் புருஷன் பெயரைச் சொல்லாமலே காலம் கழித்த நம் பாட்டிகளுக்கு இது உடனே புரிந்திருக்கும்.

பஞ்சாங்கத்தில் நமக்கும் அவர்களுக்கும் நல்ல பொருத்தம். மாதம் நிலாவை ஒட்டியது. பருவம் தப்பாமல் இருக்க 19 ஆண்டுக்கு 7 முறை ஒரு மாதம் கூட்டிக்கொள்வார்கள். பஸ்கா பண்டிகையும் கூடாரப் பண்டிகையும் பௌர்ணமியில். பெற்றோர் இறந்த நாளைத் திதி பார்த்துத்தான் நினைவுகூர்வார்கள். ஒரு நாள் முழுக்க எரியும் விளக்கு ஏற்றுவார்கள். கார்த்திகை தீபத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு ஹனுக்கா வருகிறது. கி.மு. 164-ல் எருசலேம் கோயிலை மீட்டுச் சுத்தம் செய்து மறுபடி விளக்கேற்றியதன் நினைவு அது. முதல் மாலை ஒரு தீபம், மறுநாள் இரண்டு, இப்படி எட்டு மாலை. வாசலிலோ ஜன்னலிலோ ஊர் பார்க்க வைக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கக் கூடாது, வேலை செய்யக் கூடாது, பார்க்க மட்டும்தான். 2025-ல் மலையில் மகாதீபம் ஏற்றியது டிசம்பர் 3. வழக்கப்படி 11 நாள் என்றால் 13-ம் தேதி வரை. 14-ம் தேதி மாலை உலகெங்கும் யூத வீடுகளில் ஹனுக்காவின் முதல் தீபம். 2023-லும் இதே கணக்குத்தான்: நவம்பர் 26-ல் மகாதீபம், டிசம்பர் 7 மாலை ஹனுக்கா.

வீட்டில் தனியாகச் செய்ய முடியாதது ஒன்று உண்டு. கூட்டு ஜெபத்துக்கும், இறந்தவர்களுக்காகச் சொல்லும் கத்தீஷுக்கும் வயது வந்த பத்துப் பேர் கூட வேண்டும். ஆசாரமானவர்களிடம் பத்து ஆண்கள். அந்தக் கத்தீஷில் மரணம் என்ற பேச்சே வராது, முழுக்க இறைவன் புகழ்தான். இந்தப் பத்துப் பேர் கணக்கில்தான் கொச்சி தோற்றது. 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் அப்படியே இருக்கிறது. ஆட்கள்தான் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். சென்னையில் 17-ம் நூற்றாண்டில் வைரமும் பவளமும் வாங்கி விற்ற யூதர்கள் இருந்தார்கள், 1688-ல் தொடங்கிய மாநகராட்சியில் உறுப்பினராகவும் இருந்தார்கள். இன்று ஜார்ஜ் டவுனில் மிஞ்சியிருப்பது பவளக்காரத் தெரு என்ற பெயர்.

திருவண்ணாமலைக்கு வரும் இஸ்ரேல்காரர்கள் எல்லாரும் இப்படி ஆசாரம் பார்ப்பவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பாதி விதிகளை விட்டவர்கள், முழுவதும் விட்டவர்கள், விட்டுவிட்டு இங்கே வேறொன்றைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் உண்டு. அவர்களுடைய அரசு செய்வதற்கு அவர்களைப் பதில் சொல்லச் சொல்வதும் முறையில்லை. அறை வாடகைக்கு விடுபவர்கள் வெள்ளிக்கிழமை வாடகையை மாலைக்கு முன் கேட்டு வாங்கிவிடுங்கள்; சனிக்கிழமை கதவைத் தட்டிப் பணம் கேட்காதீர்கள். தோசைக்கல் சைவத்துக்கு மட்டும்தானா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அன்னதானத்தில் இலை போடும்போது, சாமிக்குப் படைத்த சோறு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று கைகூப்பினால் வற்புறுத்தாதீர்கள், ஒரு இளநீர் வெட்டிக் கொடுங்கள். அதில் எந்தச் சட்டமும் குறுக்கே வராது.